மில்ரன் இன்று மேடைக்கு வரமாட்டான்

தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் கழகத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மாலையோடு வீற்றிருக்கும் மதிப்புக்குரிய பெரியோர்களே, தாராபுரத்திலிருந்து தேடி வந்திருக்கும் உறவுகளே, மடியில் மழலையையும் மனத்தில் கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மாரே, கேளாமலே மருந்து சொல்லும் எங்கள் தோட்டவெளியின் மாபெரும் வைத்தியர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சுவேதினியின் மாலை வணக்கம்.

அழைப்பிதழில் ஏழாவது நிகழ்ச்சி 'மழலை மேதை மில்ரன்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த நிகழ்ச்சி நடக்காது. மில்ரன் என் அண்ணன் தோமஸின் மகன். நான் அவனுக்கு மாமி. அவனைப் பெற்ற பெற்றிசியா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்வதற்குத்தான் நான் ஏறியிருக்கிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, நேரத்தைப் பற்றித்தான் நானும் பேசப்போகிறேன்.

போன வருடம் இதே மேடையில், இதே ஒலிவாங்கியின் முன்னால், மூன்று வயது மில்ரனைக் கதிரையில் ஏற்றி நிறுத்தினீர்கள். அவன் என்ன சொன்னான்? நஸார் நானா ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்க வாசிக்கும் மரண அறிவித்தலைச் சொன்னான். 'தோட்டவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று ஒருவரையும் விடாமல், இடையில் நஸார் நானா இருமிய இருமலையும் விடாமல், 'இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று ஒப்புவித்து முடித்தான். உருண்டு உருண்டு சிரித்தீர்கள். தட்டித் தட்டிக் கை சிவந்தீர்கள். அந்தச் சத்தம் தாங்காமல் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீரிட்டு அழுதானே, அதை யாராவது பார்த்தீர்களா? "பிள்ளைக்கு வெக்கம்" என்றீர்கள். ஒரு பரிசுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தீர்கள். கொடுத்தவரின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கிண்ணத்தின் அடித்தட்டைச் சுழற்றிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

அந்த மேதைக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வான் தெரியுமா? தண்ணீர் என்று கேட்க வராது. விரல் நீட்டிக் காட்ட வராது. தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைப்பான், அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல். எத்தனை தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான்; பெரிய றோட்டில் ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டால் வாசல் படலைக்கு ஓடிவிடுவான். உடனே உங்கள் தீர்ப்பு: "காது கேக்குதுதானே, வேணுமெண்டு செய்யிறான், உவன் சரியான சுழியன்." வாசலில் கிடக்கும் செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்குவான், ஒன்றை அசைத்தாலும் மூச்சு முட்டக் கத்துவான். "ஒழுங்கான பிள்ளை" என்று மெச்சினீர்கள். என்ன கண்கள் உங்கள் கண்கள். எல்லாவற்றையும் கண்டீர்கள், ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை.

பெற்றவளுக்கு விளங்கியது. ஒருநாள் அவனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "மச்சாள், ஊரில செத்த ஆக்களின்ர பேரெல்லாம் சொல்லுறான். என்னை ஒருநாளும் அம்மா எண்டு கூப்பிடேல்லை."

எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறது.

அந்தத் தாய் இரண்டு வருடத்துக்கு முன்பே உங்கள் வீட்டுப் படலைகளில் வந்து, பிள்ளை ஏன் கதைக்கவில்லை என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும்." "தேப்பனும் அஞ்சு வயசிலதான் வாய் திறந்தவர்." பொய். என் அண்ணன் இரண்டு வயதிலேயே கரைக்கு வந்த வள்ளத்தைக் காட்டிக் காட்டி 'வள்ளம், வள்ளம்' என்று கத்தியவர். எங்களைப் பெற்ற அம்மா சாட்சி. "கோயிலுக்கு நேர்த்தி வையுங்கோ" என்றீர்கள். வைத்தார். நேர்த்தியை நான் இகழமாட்டேன். கூடவே ஒரு டொக்டரையும் பாருங்கோ என்று ஒரு வாய் சொன்னதா?

பின்னால் யாரது, 'உண்மைதான்' என்பது? நல்லது அண்ணே. இரண்டு வருடம் பிந்தி வந்தாலும் உண்மை உண்மைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னீர்கள்: "பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கெட்ட பேர் எடுக்காதேங்கோ. தோமஸின்ர தங்கச்சிக்குக் கலியாணம் பேசுற நேரம்." அந்தத் தங்கச்சி நான்தான். எனக்குத் தாலி ஏறும்வரை ஒரு குழந்தை வாய் பேசாமல் காத்திருக்க வேண்டுமாம். என்னே உங்கள் கரிசனை, என்னே உங்கள் கருணை. இந்த மேடையில் வைத்தே சொல்லிவிடுகிறேன்: மில்ரனின் மாமி என்று தெரிந்து வருகிறவன் வரட்டும். மற்றவன் படலையோடு திரும்பட்டும்.

அவனுக்கு ஓட்டிசமா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இவற்றில் ஒன்றிரண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். இத்தனையும் சேர்த்துக் கண்டால் தெரிந்தவர்களிடம் காட்டிக் கேட்பதுதானே முறை? கேட்டால் என்ன குறையும்? கேளாமல் விட்ட வருடம் திரும்பி வருமா? கதைக்கவும் காட்டவும் பழக்குகிற பயிற்சியை எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். தலைவர் அவர்களே, நான் சொன்ன நேரம் இந்த நேரம்தான்.

நாலாவது வரிசையில் தலைகுனிந்திருக்கும் என் அண்ணன் நேற்றுத்தான், வலையில் சிக்கெடுத்துக்கொண்டே, ஒரு வார்த்தை சொன்னார்: "செவ்வாய்க்கிழமை தொழிலுக்குப் போகமாட்டன். பிள்ளையை டொக்டரிட்டக் காட்டப் போறம்." எட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் அன்று காலை தாராளமாக எட்டிப் பாருங்கள். நாங்கள் பின்வளவால் பதுங்கிப் போகமாட்டோம். பெரிய றோட்டால் போய் எல்லாரும் ஏறுகிற பஸ்ஸில் ஏறுவோம். தாய்மாரே, உங்களில் யாருக்காவது இதே பயம் நெஞ்சில் கிடந்தால் மறைக்காதீர்கள், எங்களோடு வாருங்கள்.

இனி நன்றி சொல்லவேண்டும். கடிகாரத்தைக் கடைசியில் மறந்துவிட்ட தலைவருக்கும், முகம் சுளித்தாலும் எழுந்து போகாமல் இருந்த பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மாருக்கும் என் நன்றி.

இந்த மேடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு எங்கள் வீடு. மில்ரன் இன்னும் நித்திரை கொள்ளவில்லை. போன வருடம் நீங்கள் தட்டியதே அவனுக்குப் போதும். நான் இறங்கும்போது ஒருவரும் கைதட்டாதீர்கள். வணக்கம்.