வானம் தள்ளுகிறதா என்று கிணற்றில் இறங்கிப் பார்த்தவருக்கு

பம்பு பாடும் பாட்டிலேயே பழுதைப் பிடிக்கும் செவிச் செல்வரே! சோதனை மேடையின் சுடரே! சூலூர் சாலைப் பம்பு ஆலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து, 1996 மே முப்பத்தொன்றாம் நாளாகிய இன்று ஓய்வுபெறும் பெருந்தகை சுந்தரராஜுலு அவர்களே!

இத்தனை அடைமொழிகளுக்கு ஐயா நெளிவார் என்பது தெரியும். ஆனால் கண்ணாடிச் சட்டம் போடப்போகும் தாளில் இடம் காலியாகக் கிடக்கலாமா? இனி அவையோர் அறிய, அவரைப் பற்றி அவர் காதுபடவே பேசுகிறோம்.

பம்பு தண்ணீரை உறிஞ்சுவதில்லை. குழாய்க்குள் வெற்றிடம் செய்து வழிவிடுகிறது, வெளிக்காற்றுதான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. இது எங்கள் ஆலையைக் கூட்டும் செல்லாத்தாள் அக்காவுக்கும் தெரியும். ஐயாவோ அதை வானம்வரை கொண்டுபோனார். பூமி எதையும் இழுப்பதில்லை, வானம்தான் நம்மைத் தள்ளுகிறது என்றார். தொலைதூர விண்மீன்களின் ஒளி சிவந்து வருவது பிரபஞ்சம் விரிவதால் அல்ல, நெடுங்குழாயில் உராய்ந்து வரும் தண்ணீரைப்போல ஒளியும் வழியில் களைத்துப்போகிறது என்றார். பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் ஒரு தடித்த நோட்டு நிறைந்தது. ஈர்ப்பு விசையைச் சைக்கிளிலிருந்து விழுந்து மட்டுமே கற்ற நாங்கள், தேநீர் அவர் செலவு என்பதால் தலையாட்டினோம்.

ஓய்வுக்கு முன் அந்த நோட்டைக் கோவையில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே அவர் பேராசை. உறைமேல் தபால்தலையும் ஒட்டியாயிற்று. அப்போதுதான் நோட்டைப் படித்த எங்கள் இளம் பொறியாளர் மதிவதனி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்கய்யா, கெணத்துக்குள்ள எறங்குனா வானம் ஒரு தட்டத்தளவுதானுங்க தெரியும்? தள்ளறதுக்கு ஆள் கொறஞ்சுபோச்சுன்னா எடையும் கொறையோணுமில்லீங்க?"

ஒரு வாரம் ஐயா எங்களைத் தேநீருக்கு அழைக்கவில்லை. கேட்டது தப்போ என்று மதிவதனி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். சனிக்கிழமை மதியம் ஐயா சுருள்வில் தராசையும் இருபது கிலோ வார்ப்பிரும்புக் கட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, வற்றிக்கிடந்த ஆலைக் கிணற்றில் எழுபதடி இறங்கினார். ஐம்பத்தெட்டை நெருங்கிய வயதில்! மேலே கயிற்றைப் பிடித்திருந்த லேத் நஞ்சப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"அரைக் கிலோ கொறஞ்சுதுன்னு சொல்லிப்போடுங்கய்யா. நாங்க ஆரும் எறங்கிப் பாக்க மாட்டமுங்க."

கீழே இரும்பை மறுபடி தராசில் மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"முள்ளு அசையவே இல்ல நஞ்சப்பா. இருபதுன்னே எழுதிக்க."

ஏறி வந்தவர், தேறாத பம்புக்குக் கட்டும் சிவப்புச் சீட்டைத் தம் நோட்டில் தம் கையாலேயே கட்டினார். ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் மதிவதனியின் பெயரை எழுதினார். எவர் சிபாரிசுக்கும் ஒரு பம்பைக்கூடத் தேற்றிவிடாத மனிதர், தமக்கும் சலுகை காட்டவில்லை. அன்று தலையாட்டாமல் தலைவணங்கினோம்.

திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்னரே அவர் எங்களை மடக்கினார்.

"சரிங்க, பூமி இழுக்குதுன்னே வெச்சுக்குவோம். நடுவால கயிறும் இல்ல, சங்கிலியும் இல்ல. எதைப் புடிச்சுங்க இழுக்குது?"

நாங்கள் மதிவதனியைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார்.

ஐயா! விடை இன்றுவரை எங்களிடம் இல்லை. ஆகவே அதைக் கண்டுபிடிக்கும்வரை நோய்நொடியின்றி நெடிது வாழ்க! கண்டுபிடித்த பின், அது சரிதானா என்று சோதித்துப் பார்க்க இன்னும் இருபதாண்டு கூடுதலாக வாழ்க!

இவண்,
கேள்விக்குப் பயந்தும் உங்கள் அன்புக்குப் பணிந்தும் நிற்கும்
சோதனைப் பிரிவுத் தோழர்கள்