கடைசிக் குழிக்கு முன்னால் மணல்

பூட்ஸ் ஆணி தரையில் உரசும் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. மற்றபடி இந்த நல்லசிவம் பொறுமைசாலி என்று ஆமத்தூர் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

புதுப்பட்டியில் இருக்கிற எங்கள் பட்டாசுக் கம்பெனியில் இரும்புக்கு இடமில்லை. மருந்து கலக்கும் அறைக்குள் வெறுங்காலோடுதான் போகவேண்டும். பெண்கள் கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிடுவார்கள். ஒரு பொறி போதும். இது தெரியாதவரா என் அக்காள் வீட்டுக்காரர் காளிராஜ்? கம்பெனியில் என் கூட்டாளியும் அவர்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் கொடைக்கானலில் தங்கிவிட்ட வெள்ளைக்காரர்களோடு கோல்ஃப் பழகி வந்தவர், கம்பெனிக்குப் பின்னாலிருந்த கரிசலில் ஒரு மைதானமே போட்டுவிட்டார். புல் முளைக்காது என்று, பந்தைத் தள்ளவேண்டிய குழிகளைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பினார். ஆட்டம் முடிந்ததும், அடியில் ஆணி வைத்த அதே பூட்ஸோடு மருந்து அறைக்குள் வருவார்.

"மொதலாளி வந்தாலே ஈரக்குலை நடுங்குதுய்யா. நீங்களாச்சும் சொல்லப்படாதா?" என்று கலவை அறை முத்துப்பேச்சி என்னிடம் அழுதாள். சொன்னேன்.

"ஏலே மாப்ளே, இதக் களட்டி மாட்டுறதுக்குள்ள பொழுது போயிரும்" என்று சிரித்தார்.

அந்தப் பெண்களைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை. அதனால் வேறு யாருக்கும் சேதம் வராத இடமாகப் பார்த்தேன். கடைசிக் குழி பொல்லாதது. ஓடையைத் தாண்டி அடிக்கவேண்டும். தாண்டினால், குழியில் நட்ட கொடிக்கு முன்னால் அகலமான மணல் பள்ளம். அத்தானின் பந்து அநேகமாக அதில்தான் விழும். விழுந்தாலும் இரும்பு மட்டையால் மணலோடு சேர்த்து ஒரே அடியில் எடுத்து, என்னை ஜெயித்துவிடுவார். அந்த மணலுக்கடியில் மருந்தைப் பரப்பி மூடினேன்.

பந்து பள்ளத்தைத் தாண்டிவிட்டால் அவரை விட்டுவிடுவது என்று குலசாமியை நினைத்து முடிவு செய்திருந்தேன். நான் நியாயம் பார்க்கிறவன்.

நேற்றுச் சாயங்காலம் முதலில் நான் அடித்தேன். என் பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அடுத்து அத்தான். அவர் பந்து ஓடையைத் தாண்டிப் பள்ளத்தையும் தாண்டி, என் பந்தைவிடக் கொடியை ஒட்டி நின்றது.

"பாத்தியா மாப்ளே. இன்னைக்கும் நான்தான்" என்றார்.

"அடிக்கிற கோட்டத் தாண்டிப் பந்த வச்சிட்டீக அத்தான். இது செல்லாது."

அவர் தாண்டி வைக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் ஒருவன் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றாது. "அப்படியா, சரி" என்று இன்னொரு பந்தை வைத்து அடித்தார். அது பள்ளத்தில் விழுந்தது.

நான் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அவர் மணலில் இறங்கி, பூட்ஸை நன்றாக ஊன்றி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மட்டையை ஓங்கினார்.

இனி முத்துப்பேச்சி பயமில்லாமல் வேலை பார்க்கலாம். அதற்காகத்தான் செய்தேன். வேறு காரணம் கிடையாது. வெடிச் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வருவதற்குள் ஓடையைக் கடந்து, புழுதியில் என் பந்தைத் தேடி, ஒரே தட்டில் குழிக்குள் தள்ளினேன். கடைசிக் குழியில் அத்தானை நான் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.