இந்தியாக்காரி

— முடியாதுன்னா முடியாது ஆபா. உன்னை எரிக்க நான் விடமாட்டேன்.

— சத்தமா சொல்லுங்க குவாமெனா அண்ணே. அடுப்புல மீன் வெடிக்குது, காதுல விழல.

— சத்தமா சொன்னா எனக்குத்தான் அசிங்கம். இன்னைக்குச் செவ்வாக்கிழமை, கடலுக்கு ஓய்வு நாள். நம்ம ஊரு எல்மினாவுல ஒரு படகும் போகல. ஆம்பளைங்க எல்லாம் வாசல்ல வலையைத் தச்சுக்கிட்டு இந்தப் பக்கமே காதை வச்சிருக்காங்க. குடும்பத் தலைவரோட தங்கச்சி பொட்டு வச்ச இந்தியாக்காரின்னு ஏற்கெனவே சிரிக்கிறாங்க.

— அந்தப் பேரை வச்சதே நீங்கதான்.

— வேற எப்படிக் கூப்பிட? இந்தியாவைப் படத்துலதான் பார்த்திருக்க. நம்ம வம்சத்துல ஒரு சொட்டு இந்திய ரத்தம் கிடையாது. ஊருக்கே மீன் புகைபோட்டு விக்கிற, அதுல ஒரு துண்டு வாயில வைக்கமாட்டேங்குற. நான் கேக்குறேன், எங்கேருந்து வந்துச்சு உனக்கு இந்த நீலச் சாமி?

— உங்க சர்ச் சாமி வந்த வழியாத்தான். கப்பல்ல.

— வாயைப் பாரு. திங்கக்கிழமை அக்ரா ஆஸ்பத்திரியில நெஞ்சைத் திறந்து இதய வால்வு மாத்தப் போறாங்க, வாய் மட்டும் குறையல.

— அதனாலதான் இப்பவே கேக்குறேன். நான் கண்ணு முழிக்கலன்னா என் உடம்பை உங்க கையிலதான் குடுப்பாங்க.

— குடுத்துத்தான் ஆகணும். செத்தவ உடம்பு தாய்வழிக் குடும்பத்தோடது. கட்டின புருஷனுக்கே அதுல உரிமை இல்ல. உன் கோயில்காரங்க யாரு நடுவுல?

— எங்க கோயில் மான்சாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல? கடைசி வரைக்கும் துளசி மாலையைக் கழுத்துலேருந்து கழட்டினதில்ல. செத்ததும் தம்பிங்க வந்தாங்க. மாலையை அறுத்துப் போட்டுட்டு, பேண்டு வாசிச்சுக் கொண்டுபோய்ப் புதைச்சாங்க. சிதறின மணியை நான்தான் பொறுக்கினேன். எனக்கு அப்படி நடக்க விடமாட்டேன்.

— அம்மா பக்கத்துலேயே உனக்கு இடம் வச்சிருக்கேன். அங்க படுக்க உனக்கு என்ன கசக்குது?

— ஜோஜோவுக்கு எங்க இடம் வச்சீங்க?

— அவன் பேச்சு எதுக்கு இப்போ?

— என் பையன் பேச்சை நான் எப்ப வேணா எடுப்பேன்.

— எனக்கு மருமகன் இல்லையா அவன்? படகோட போயிட்டான். உடம்பு கரை ஒதுங்கல. வெளிநாட்டுல செத்தவனுக்குக்கூட முடியும் நகமுமாவது வந்து சேரும், அதைப் பெட்டியில வச்சுப் புதைப்போம். அவனுக்கு அதுவும் இல்லையே. எதை வச்சுச் சடங்கு பண்றது? பெரியவங்க ஒத்துக்கல.

— பாதிரியாரும் ஒத்துக்கல. அவரும் உடம்பு எங்கன்னுதான் கேட்டார். அப்பத்தான் மான்சா என்னை அக்ரா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. அந்தச் சாமியாரும் நம்ம ஃபான்டி இனத்து ஆளுதான். அவர் உடம்பைக் கேக்கல. பையன் பேரைக் கேட்டார். என் கையில எள்ளு வச்சு, தண்ணி ஊத்தி, பேரைச் சொல்லி கடல்ல விடும்மான்னார். விட்டேன். அன்னைக்குத்தான் என் பையன் செத்தான் அண்ணே. அதுவரைக்கும் தொலைஞ்சு போனவனாத்தான் இருந்தான்.

— இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்ல.

— நீங்க ரத்தத்தைப் பத்தித்தானே கேப்பீங்க. அங்க யாரும் அதைக் கேக்கல. அந்தச் சாமி என்னோடது. யார்கிட்டயும் கடன் வாங்கல.

— சரி, நீ பேசிட்ட. பெரியவங்க முன்னாடி நிக்கப்போறது நான். வெறும் பெட்டியையா தூக்கிட்டுப் போவேன்?

— வெறும் பெட்டி எதுக்கு? இந்தாங்க.

— என்ன பொட்டலம் இது?

— பிரிச்சுப் பாருங்க.

— ஆபா, தலைத்துணியை எடு. எடுங்குறேன்ல. அடிப்பாவி, மொட்டை அடிச்சிருக்க.

— முடி, கை நகம், கால் நகம். எதுலயும் குறை வைக்கல. என் பங்குக்கு அதை அம்மா பக்கத்துல புதைங்க. மிச்சத்தை நெருப்புக்குக் குடுங்க.

— நான் கேக்குறேன், இது தூர தேசத்துல செத்தவங்களுக்கு உள்ள வழக்கம். அக்ரா ஆஸ்பத்திரி தூர தேசமா? அங்க காலையில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வந்துடலாம்.

— பெரியவங்க கேட்டா, இந்தியாக்காரி அவ நாட்டுக்கே போய்ச் சேர்ந்துட்டான்னு சொல்லுங்க. பேரு நீங்க வச்சது. ஊரே கூப்பிட்டிருக்கு. இப்ப வந்து அவ நம்ம ஊர்க்காரின்னு எந்த வாயால சொல்வாங்க?

— எல்லாத்துக்கும் வழி பண்ணிட்டுத்தான் என்னை வரச் சொல்லியிருக்க.

— இன்னும் ஒண்ணு இருக்கு. கொள்ளி வைக்க எனக்குப் பிள்ளை இல்ல. நீங்கதான் வைக்கணும்.

— நானா? நான் கோட்டு போட்டு சர்ச்சுல முன்வரிசையில உக்காருறவன்.

— இப்ப மாதிரி அந்தக் கோட்டு போட்டுக்கிட்டே வாங்க. எங்க சாமி ஒண்ணும் சொல்லாது.

— ஆபா, இந்த மீன் அடுப்பைக்கூட நான் மூட்டினதில்ல. சின்ன வயசுலேருந்து நீதான் மூட்டுற.

— தெரியும். அதான் சுள்ளியை எடுத்து வச்சிருக்கேன். அந்தக் கடைசி அடுப்பு அணைஞ்சு கிடக்கு, உக்காருங்க.

— இந்தா, கோட்டைக் கழட்டிட்டேன், பிடி. அழுக்காக்கிடாத. உங்க ஆளுங்க எங்க மூட்டுவாங்க, தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா?