சுவருக்குள் இருந்த கோழி

ஐப்பசி இரண்டாம் நாள் காலை, செங்கல்பட்டு பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்தவன் முகத்தில் பரீட்சை முடிந்த தெளிவு.

"ஒரு மாசமா செவுத்துக்குள்ள இருந்த கோழிய நான் தொடவேயில்ல, மச்சான்."

"செவுத்துல ஏதுடா கோழி?"

"கேம்ல. ரத்தக்காட்டேரியோட கோட்டைல சவுக்கால அடிச்சா செவுரு ஒடையும், உள்ள வறுத்த கோழி இருக்கும். துன்னா உயிர் ஏறும்."

"துன்ன வேண்டிதான?"

"புரட்டாசிடா! வூடே பெருமாளுக்கு விரதம். கேம்ல மட்டும் எப்டி துன்றது? ரத்தக்காட்டேரி கையில தெனம் செத்தேன்."

"இப்போ?"

"நேத்து ஐப்பசி பொறந்துச்சில்ல? கோழியத் துன்னுட்டு கோட்டை உச்சிக்கு ஏறுனேன். காட்டேரி சாம்பலு, கோட்டையே இடிஞ்சி வுழுந்துச்சி. அப்பாடான்னு கீது."

நண்பன் யோசித்தான். "மாசம் பூரா உன் ரத்தத்தக் குடிச்சானே, அவனுக்குப் புரட்டாசி இல்லியா?"

"அவனுக்கு இன்னா மச்சான், கேக்கறதுக்கு வூட்ல அம்மாவா கீறாங்க?"