மஸ்கட்டில் இருந்தவரின் ஓட்டு

வேங்கிக்காலில் டவுன் பஸ் ஏறிய மாமனும் மச்சானும் என் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மாமன் மடியில் ஒரு கட்டுக் காகிதம்.

“பொண்ணுக்கு காலேஜ் உதவித்தொகை வேணும்னா, அஞ்சு வருஷமா இங்கயே குடியிருக்கேன்னு சர்டிபிகேட் வேணுமாம் மச்சான். மஸ்கட்ல இருந்து வந்து எட்டு மாசம்தானே ஆவுது, தாலுக்கா ஆபீஸ்ல தரமாட்டேன்றாங்க. நாளைக்குக் கடைசி நாள்.”

“வோட்டர் லிஸ்ட்ல உங்க பேரு இருக்குதே, காட்டலியா?”

“காட்டினேன். பேரு இருந்தா போதாது, ஆளு இருந்தியான்னு கேக்கறாங்க.”

“ஆளு இல்லாமயா ரெண்டு எலெக்‌ஷன்லயும் உங்க ஓட்டு விழுந்துச்சு?”

“நான்தான் மஸ்கட்ல இருந்தேனே, எவன் போட்டான்?”

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வீணாப் போவக்கூடாதேன்னு நான்தான் போட்டேன்.”

“அப்ப நாளைக்கு ஆபீஸுக்கும் நீயே வந்துடு. அஞ்சு வருஷமா இங்க இருந்த நான் நீதானே.”