காய வை என்றுதான் சொன்னேன்

வாழ்த்து அட்டைக்கு முதலில் வேண்டியது, மையைக் குடிக்காத காகிதம். சாதாரணக் காகிதத்தில் ஆல்கஹால் மையை விட்டால் உறிஞ்சிக்கொண்டு கறையாகிவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள், மேடம். மைக்குப் போக்கிடம் இல்லை, மேலேயே மிதக்கும். நடுவில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டால் நிறம் விளிம்புக்கு ஓடிக் கரை கட்டி நிற்கும். ஸ்ட்ராவால் ஊதினால் இதழ் இதழாக விரியும். நீலமும் மஞ்சளும் சந்திக்கிற இடத்தில் நீங்கள் கேட்காத பச்சை ஒன்று பிறக்கும். அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும், தலை லேசாகச் சுற்றும். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வது அதனால்தான்.

விஜயநகரில் எங்கள் லேஅவுட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் என் அட்டைதான் போகும். பின்னணியைப் பார்த்ததுமே, "வத்ஸலா பண்ணினதா?" என்பார்கள். பிறகு என் தம்பி ஸ்ரீஹர்ஷாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஸஞ்சனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். அவள் வாயில் கன்னடம்தான் முதலில் வரும், தமிழ் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

"சக்கத்தா இருக்கு, அல்வா அக்கா?"

கன்னடத்தில் சக்கத்து என்றால் பிரமாதம், அல்வா என்றால் 'இல்லையா'.

"தினம் அல்வா குடுக்கறே. ஒரு நாளாவது நெய் விட்டுக் குடுடி" என்பேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே அவளும் அட்டை செய்ய ஆரம்பித்தாள். ஊதவே மாட்டாள். அட்டையை விரல் நுனியில் ஏந்தி மணிக்கட்டை ஒரு சாய்ப்பு சாய்ப்பாள், நிறங்கள் தாமாக மடிந்து மயில் கழுத்தாகிவிடும். அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்காத விஷயங்கள் குறைவு.

யுகாதி அட்டைகளை லேஅவுட் சங்கம் அவளிடமே கொடுத்தது. தலைவர் நஞ்சுண்டசாமி என்னிடம், "வத்ஸலாம்மா, நீங்க கவர் ஒட்டிக் குடுங்க, போதும்" என்றார். ஒட்டிக் கொடுத்தேன்.

அதே வாரம் மணத்தக்காளி வத்தலைக் காய வைக்கச் சொன்னேன். அவள் வாணலியில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டாள். கன்னடத்தில் காயிஸு என்றால் சூடு பண்ணு. வீடே சிரித்தது, ஏன் என்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை. எனக்கு அதன் அமைப்பு பிடித்துப்போயிற்று. கிட்டத்தட்ட ஒரே ஒலி, இரண்டு மொழி, நடுவில் ஓர் அடுப்பு.

மற்றது எளிது. மை கெட்டியாக வேண்டுமானால் கிண்ணத்தில் ஊற்றித் திறந்து வைத்தால் போதும், ஸ்பிரிட் ஆவியாகிவிடும். ஸ்பிரிட் பாட்டிலின் லேபிளை உரித்துவிட்டேன், மேஜை அழகாகத் தெரிந்தது. அதற்குக் 'கரைக்கிற தண்ணி' என்று அவளுக்காக ஒரு பெயரும் வைத்தேன். அவளுக்கு ஜலதோஷம் பிடிக்கும் வரை பொறுத்திருந்தேன், வாசனை தொந்தரவாக இருக்கக் கூடாதே. பிறகு கிண்ணத்தை நிரப்பிக் கையில் கொடுத்தேன்.

"இதைக் காய வை, ஸஞ்சு. கொட்டிடப்போறது, ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டே நில்லு."

"எஷ்டு நேரம் அக்கா?"

"நிறம் மாறற வரைக்கும்."

நான் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுச் செம்பருத்தியை விசாரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட் நெருப்பு பகல் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மெல்லிய நீலம். சத்தம் கேட்டு ஓடி வந்து ஈரப் போர்வை போர்த்தியது நான்தான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். உயிருக்கு ஆபத்தில்லை, மணிக்கட்டுதான் இனிச் சாயாது என்றார் டாக்டர்.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். 'திறந்து வை' என்றும் சொல்லியிருக்கலாம், யோசித்துத்தான் மற்றதை எடுத்தேன்.

ஆனால் அவளிடம் எனக்குக் கோபமே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு ஓர் அட்டை செய்துகொண்டு போனேன். ஆரஞ்சு, ஓரத்தில் கொஞ்சம் பொன்னிறம். கட்டுப் போட்ட கைகளால் வாங்க முடியாததால் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் நிற்கவே இல்லை. பின்னணி அவ்வளவு நன்றாக வந்திருந்தது.