மார்சேயில் இறங்கியவள்

மார்சேயிலிருந்து சவோனாவுக்கு ரயிலில் வருவதென்றால் வலது பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும். கடல் அந்தப் பக்கம்தான். இடது பக்கம் உட்கார்ந்தால் வழி முழுக்கப் பாறையும் சுவரும்தான். அந்த வெள்ளிக்கிழமை வண்டியில் கூட்டமில்லை. நீஸ் தாண்டியதும் ஓர் ஆரஞ்சை உரித்து முழுப் பழத்தையும் நானே சாப்பிட்டேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, ஐயா. அதற்கு முன் ஆறு வருடமாக நான் எந்தப் பழத்தையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை. பாதி எட்டோரேவுக்கு.

எட்டோரே என் தம்பி. நாற்பத்தொன்பது வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளையில் ஏதோ நின்றுபோனது. உடம்பு வளர்ந்தது, புத்தி ஏழு வயதோடு நின்றுகொண்டது. தானே குளிப்பான், பொத்தான் போட்டுக்கொள்வான், யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வான். இறைச்சியை வெட்டித் தர வேண்டும். சாலையைக் கடக்கத் தெரியாது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். பிறகு நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மருந்துக்கடையில் வேலை. பகலில் அவனையும் கூட்டிக்கொண்டு போவேன். பின்னறையில் மாத்திரைப் பெட்டிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பான். மருந்து வாங்க வருகிறவர்கள் அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "நிவெஸ் மாதிரி யாரு செய்வா?" என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லாமல் என்னைச் சொன்னார். கோவிலே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது பணிவு என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

வீட்டில் குளியலறைக் கதவை நான் சாத்த முடியாது. சாத்தினால் வெளியே நின்று, "அக்கா, உள்ள இருக்கியா? அக்கா, இன்னும் இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். கோபிக்க முடியாது. பயத்தில் கேட்கிறவனிடம் என்னவென்று கோபிப்பது?

'மிராலூனா' உல்லாசக் கப்பலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வியாழன்தோறும் இந்தத் துறைமுகக் காவல் நிலையத்தில் உங்கள் ஜன்னலுக்கு எதிரேதான் வந்து நிற்கிறது. எங்களூர் சவோனாவில் ஏறியவனுக்கு வியாழன் முதல் நாள், முந்தின நாள் நேப்பிள்ஸில் ஏறியவனுக்கு அது இரண்டாம் நாள், போன வெள்ளி மார்சேயில் ஏறியவனுக்கு நாளை வீடு. அந்தக் கப்பலுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் சிலர் பெட்டியோடு இறங்குவார்கள், சிலர் பெட்டியோடு ஏறுவார்கள். யார் யாரோடு வந்தவர், யார் எங்கே இறங்க வேண்டியவர் என்று கப்பலின் கணினிக்குத் தெரியும். மனிதர்கள் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு வாரத்துக்கு, இரண்டு பேருக்கு ஓர் அறை எடுத்திருந்தேன். ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். வியாழன் ஏறினோம். மறுநாள் காலை மார்சே. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் போய், இங்கே என் அத்தைக்கு உடம்பு சரியில்லை, இறங்கிப் பார்த்துவிட்டு நாளை பார்சலோனாவில் ஏறிக்கொள்கிறேன், தம்பி கப்பலிலேயே இருப்பான் என்றேன்.

"தாராளமா போய்ட்டு வாங்க மேடம்," என்றாள் அவள். "இந்தக் கப்பல்ல பாதிக் குடும்பம் பிச்சுப் பிச்சுத்தான் ஏறும். போன வாரம் ஒரு கல்யாணக் கோஷ்டி. மாப்பிள்ளை இங்க ஏறினாரு, பொண்ணு பலேர்மோல ஏறுச்சு."

மார்சேயில் எங்களுக்கு அத்தை கிடையாது.

எட்டோரே படி வரைக்கும் வந்தான்.

"நாளைக்கு ஏறிடுவேன்டா."

"எங்க?"

"பார்சலோனா."

"நான் ஜன்னல்ல நிக்கட்டா?"

"வாசல்ல நில்லு. புதுசா ஏறுறவங்க அந்த வழியாத்தான் வருவாங்க."

யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. மற்றவை எல்லாம் யோசித்தவைதான். அவன் பெட்டியில் பதினான்கு நாளுக்கான துணி வைத்திருந்தேன். என் பையில் ஒரு நாளுக்கு.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தண்ணீர் ஆறும்வரை தொட்டியில் கிடந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் எழுந்தபோது பதினொரு மணி. பார்சலோனாவில் கப்பல் நின்றிருந்த நேரம். அப்போதுகூட ஒரு வாரம் தூங்கிவிட்டுப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கப்பலுக்குப் போன் செய்து பலேர்மோவில் ஏறுகிறேன் என்றேன். பலேர்மோ வந்ததும் நேப்பிள்ஸ் என்றேன். விடுப்பில் இருந்ததால் யாரும் என்னைத் தேடவில்லை. தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் கடலில் இருப்பதாகத்தான் ஊருக்கு நினைப்பு.

புதன்கிழமை ஓர் ஆள் கூப்பிட்டான். வாயான் என்று பெயர், பாலித் தீவுக்காரன், கப்பலில் எங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவன்.

"மேடம், ஒண்ணும் பயப்படாதீங்க, உங்க தம்பி நல்லா இருக்காரு. தினம் காலைல கோட்டு மாட்டிக்கிட்டு வாசல்ல போய் நிக்கிறாரு. ஏறுறவங்க அத்தனை பேருக்கும் கை குடுக்குறாரு. கேப்டனை விட இவரு வரவேற்புதான் பிரமாதம்னு எல்லாரும் சொல்றாங்க," என்று சிரித்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நீங்க எங்க ஏறுறீங்கன்னு சரியாச் சொன்னீங்கன்னா அவருகிட்ட சொல்லிடுவேன். தினம் ராத்திரி உங்களுக்குன்னு ஒரு ரொட்டி எடுத்துட்டு வந்து தலகாணிக்குப் பக்கத்துல வைக்கிறாரு. காய்ஞ்சு போகுதுன்னு நான்தான் புதுசு மாத்தி வைக்கிறேன். அவருக்குத் தெரியாது."

மார்சே என்று சொன்னேன். எட்டோரேவிடம் போனைக் கொடுத்தான்.

"அக்கா, நீ ஏமாத்துக்காரி," என்றான் எட்டோரே. சிரித்துக்கொண்டே சொன்னான், விளையாட்டு என்று நினைத்தான். "இன்னைக்கு ஒரு அம்மா ஏறுனாங்க. உன் மூக்கு மாதிரியே மூக்கு. நான் கட்டிப்பிடிக்கலையே! கேட்டுட்டுத்தான் கை குடுத்தேன். அப்புறம், மன்னிச்சுக்கங்க, ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

"நல்ல பையன்," என்றேன்.

தெருவில் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இருந்தது. அதற்காக நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அவை. மூன்று மாதம் ஆனது அவன் வாயில் வர.

மறுநாள் வியாழன், கப்பல் சவோனாவுக்கு வந்தது. என் சமையலறைப் பின்பக்கத்து மாடத்திலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். நடந்தால் பத்து நிமிடம். காலையிலிருந்து மாலை ஐந்து மணிவரை கப்பல் அங்கேயே நின்றது. நான் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தினேன். மதியம் கொஞ்சம் படுத்தேன். எட்டோரே அன்று முழுக்க வாசலில் நின்றானாம். சவோனாவில் நீ இறங்கவே கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் படியில் கால் வைக்கவில்லையாம். இதை வாயான் உங்களிடம் சொன்னதாக நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

இரண்டாவது வாரம் நான் போனை எடுப்பதை நிறுத்திவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மணி அடிக்கும், நிற்கும். மூன்று நாளில் அந்தச் சத்தம் பழகிவிடுகிறது.

அடுத்த வியாழன் பயணம் முடிகிறது. அவனை இறக்கியே ஆக வேண்டும். நான் துறைமுகத்துக்குப் போனேன். முதலில் உங்களிடம் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன் என்று சொன்னேன். அது பொய். நீங்கள் காட்டிய துறைமுகக் கேமரா படத்தில் தூணுக்குப் பக்கத்தில் நிற்பது நான்தான். அவனை அழைத்துவரப் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் அன்று வானம் மூடியிருந்தது, படத்தில் நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். முடியையும் முன்தினம் ஒட்ட வெட்டியிருந்தேன், நானே, சமையலறைக் கத்தரியால். யார் அவனை அழைத்துப்போகிறார்கள் என்று பார்க்கப் போனேன். பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது.

கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். கூட ஒரு காவலர், சின்ன வயதுக்காரர். கூடத்தில் ஒரு கூட்டம் இறங்கி வருகிறது, ஒரு கூட்டம் ஏறப் போகிறது, நடுவில் அவன் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். முடியும் கண்ணாடியும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அக்கா!"

எல்லாரும் திரும்பினார்கள். அவன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து எனக்கு ஓரடி முன்னால் நின்றான். கட்டிக்கொள்ளவில்லை. கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது நினைவிருந்தது.

காவலர் பின்னாலேயே வந்தார். "மேடம், இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல," என்றேன். "பாவம், யாரையோ தேடுறார் போலிருக்கு."

பை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்போமே, அப்படித்தான் வந்தது அந்தச் சொல். எட்டோரே என் வாயைப் பார்த்தான். இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டால் ஒரு முகம் வைப்பான், தப்பு தன்னுடையதுதான், எங்கே என்றுதான் தெரியவில்லை என்பது போல. அந்த முகம்.

"மன்னிச்சுக்கங்க மேடம்," என்றான். "ஆள் மாறிப்போச்சு."

அவ்வளவு தெளிவாக அவன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. காவலர் அவன் தோளில் கை வைத்து, "வாங்க சார், உட்காருங்க, லிஸ்ட்ல உங்க வீட்டு நம்பரைப் பாத்துடலாம்," என்று அழைத்துப்போனார். அந்தக் காவலர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம், ஐயா. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். போன் நான்கு முறை அடித்தது. கார் எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பினார்கள் போல. கதவு தட்டிய சத்தம் கேட்டது.

மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. ஏதோ சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் கூட்டமாக வெளியே போனபோது அவனும் கூடவே போயிருக்கிறான். கடலோரச் சாலையில் மேற்கே நடந்திருக்கிறான். வழியில் ஒரு பழக்கடைக்காரியிடம் மார்சே இப்படித்தானே என்று கேட்டானாம். அவன் என்னைக் கடைசியாகப் பார்த்த இடம் மார்சே. துறைமுகத்தில் பார்த்தது வேறொரு பெண், அதை நானே சொல்லியிருந்தேன். பெர்ஜெஜ்ஜி முனை திரும்பும் இடத்தில் நடைபாதை கிடையாது. வெளிச்சம் மங்கும் நேரம். அவன்மேல் மோதிய லாரியின் ஓட்டுநர் தொழிலை விட்டுவிடப்போவதாகச் சொன்னாராம். அவரிடம் யாராவது போய், சாலையைக் கடக்கத் தெரியாத ஆள் அவன் என்று சொல்லுங்கள். அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

களைத்துப்போயிருந்தேன், வேறு வழியில்லை என்று எழுதிக்கொள்கிறீர்கள். பார்த்தேன். களைப்பு உண்மை. வழி இல்லை என்பது உண்மையில்லை.

கப்பல் ஏறுவதற்கு முன்னால், மார்ச் மாதம் ஒரு கடிதம் வந்தது. மலைப்பக்கம் உள்ள ஓர் இல்லம். தோட்டம் உண்டு, அவனைப் போல இருபது பேர் இருக்கிறார்கள், ஓர் இடம் காலியாகியிருக்கிறது, ஞாயிறுதோறும் வீட்டுக்கு அழைத்துப்போகலாம், முப்பது நாளுக்குள் பதில் போடவும் என்று இருந்தது. அம்மா காலத்திலேயே எழுதிப்போட்ட விண்ணப்பம். நான் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்தேன். பதில் போட்டிருந்தால் அவன் இப்போது அங்கே எதையாவது அடுக்கிக்கொண்டிருப்பான். ஆனால் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, தம்பியைக் கொண்டுபோய் விட்டுட்டியா நிவெஸ் என்று கேட்பார்கள். கப்பலில் தொலைந்தவனைப் பற்றி அப்படி யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்கவும் இல்லை. நீங்கள் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வருவதற்கு முன்னால், சனிக்கிழமை மதியம், எதிர்வீட்டு பீனா ஒரு தட்டு நிறைய கடலைமாவு அடை சுட்டு எடுத்துவந்தாள். என் வெட்டுப்பட்ட முடியைத் தடவிக்கொண்டு அழுதாள். துக்கத்தில் நான் வெட்டிக்கொண்டேன் என்று நினைத்தாள். "நீ சாப்பிடணும்டி நிவெஸ்," என்றாள். "அவனுக்கு நீ பண்ணுனது கொஞ்சமா? ஊருக்கே தெரியும்."

அடை சூடாக, மேலே மிளகு தூவியிருந்தது. சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.